ஜோடி இல்லாத சுருள்

அடுத்தவர் மார்க் வாங்குவதற்காகப் படம் வரைவதுதான் என் தொழில்.

திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் ஒரே அறைக் கடை. விலங்கியல் ரெக்கார்ட் நோட்டு என்று சொன்னாலே உங்களில் பாதிப் பேருக்கு இன்றைக்கும் பழைய பயம் வரும் என்று எனக்குத் தெரியும். கரப்பான் பூச்சியின் வாயைத் தனித்தனியாகப் பிய்த்து வரைந்து, ஒவ்வொன்றுக்கும் கோடு இழுத்துப் பெயர் எழுதி, ஒரு கோடு இன்னொரு கோட்டின் மேல் ஏறிவிட்டதென்று பக்கத்தையே கிழித்துப் போட்டு அழுதவர்கள்தானே நாம் எல்லாரும். அப்படி அழுதவர்கள் என்னிடம் வந்தார்கள். நோட்டில் ஆரம்பித்து, போகப்போகப் பள்ளிக்கூடக் கண்காட்சிகளுக்கு இதயம், கிட்னி, கண் என்று தெர்மாகோலிலும் பிளைவுட்டிலும் மாடல் செய்யவும் இறங்கினேன். பலகை அறுக்க வண்ணாரப்பேட்டையிலிருந்து பாஷா பாய் வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கை சுத்தம், வாய் ஓயாது.

இதெல்லாம் இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷத்துக்குள் நடந்தவை. ஒரு பெண்ணுக்குக் கிடைக்க வேண்டிய ஆராய்ச்சி சீட்டை நானும் பாஷா பாயும் கூட்டாகச் சேர்ந்து கெடுக்கப் பார்த்ததும் இதில் அடக்கம்.

கேவலமான கை

ஒரு பையன் தவளையின் இரத்த ஓட்டம் வரையச் சொல்லி நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். நானும் ஆசை ஆசையாக, தமனிக்குச் சிவப்பு, சிரைக்கு நீலம், ஒவ்வொரு கிளையும் மெலிந்து மெலிந்து போய் முடிகிற மாதிரி வரைந்து வைத்தேன். வரையும்போது எனக்கு நேரம் தெரியாது. துறைமுகத்துப் பக்கம் கப்பல் ஊதினால்கூட அந்தத் தவளைக்குள்ளிருந்து சத்தம் வருகிற மாதிரி இருக்கும்.

பையன் வந்தான், பார்த்தான், முகம் தொங்கிவிட்டது. என்னடா குறை என்று கேட்டேன். நோட்டை மூடி என் பக்கமே தள்ளினான். "சூப்பரா கீதுக்கா. அதான் பேஜாரு. கொஞ்சம் கேவலமா வரைங்க, எங்க மிஸ்ஸுக்கு என் கை தெரியும்."

சீரியல் லைட்

எங்கள் கடையில் அதிகம் போனது மரபணு ஏணிதான். உங்களுக்குத் தெரிந்ததுதான்: இரண்டு இழை, நடுவில் படிகள், மொத்தத்தையும் முறுக்கி விட்டால் டி.என்.ஏ. கண்காட்சி சீசனில் உத்திரத்திலிருந்து ஏழெட்டு தொங்கும். கடல் காற்று உள்ளே வந்தால் எல்லாம் தனித்தனி வேகத்தில் மெதுவாகச் சுற்றும். நான் ஸ்டூலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். பாஷா பாய்க்கு அது பிடிக்காது.

மணலிப் பக்கத்துத் தலைமையாசிரியர் ஒருவர் வந்தார். என்னைப் பார்த்தார், என் தோளுக்குப் பின்னால் பார்த்தார், "சார் இல்லீங்களா?" என்றார். புதிதாக வருகிற எல்லாரும் கேட்பதுதான். சார் இல்லை, இருந்ததும் இல்லை. எனக்கு அப்போது நாற்பத்தொன்று. சோகக் கதை ஒன்றும் கிடையாது. இரண்டு பேர் பெண் பார்க்க வந்தார்கள், எனக்குப் பிடிக்கவில்லை, அப்புறம் யாரும் வரவில்லை. இதை எல்லாரிடமும் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? "நான்தாங்க கடை" என்று மட்டும் சொல்லி வைத்தேன். அவர் ஏணியைச் சுற்றி வந்து, ஒரு படியைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "நல்லாத்தான் இருக்கு. சுத்தி சீரியல் லைட் விட்டுக் குடுத்துடுங்க, மேடம்."

ரம்பம்

தேவகி வந்தது பங்குனி மாதத்து நண்பகல். எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துப் பெண், அப்பா எல்லப்பன் கடலுக்குப் போகிறவர். எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஆராய்ச்சி சீட்டுக்காக இரண்டு தடவை நேர்காணலுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியிருந்தாள். இது மூன்றாவது. இதுவும் போனால் மணலியில் ஒரு கம்பெனி ஆபீஸில் அப்பா வேலை பேசி வைத்திருந்தார், ஜூன் முதல் தேதி சேர வேண்டும். "அந்த வேலை மோசம்னு சொல்லல. ஆனா அங்க போய்க் குந்திட்டேன்னா இத நெனக்கறதயே வுட்ருவேன்க்கா" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் கை என் மேஜைமேல் இருந்த ரப்பரை உருட்டிக்கொண்டே இருந்தது.

அவள் பத்து நிமிஷம் பேச வேண்டும், பேச ஒரு மாடல் வேண்டும். "ஆர்.என்.ஏ.ன்னு ஒண்ணு கீது. ஒத்த இழை. அதோட வால்ல அடினின்னு ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும். ஜோடியே இல்லாம அது தானா சுருண்டு நிக்கும். அதுதான் எனக்கு வோணும்." நான் ஆர்டர் நோட்டில் 'ஒற்றை இழை, ஒன்று' என்று எழுதி வைத்துவிட்டு நோட்டு வரையப் போய்விட்டேன். பாஷா பாய் அதைப் படித்தார். எங்கள் கடையில் இருப்பது இரட்டை. இரட்டையில் பாதி ஒற்றை. கணக்கு சரிதானே? உத்திரத்திலிருந்து ஒரு ஏணியை இறக்கி, ரம்பத்தை எடுத்து, மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு படியையும் நடுவில் அறுத்து, வெட்டின இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷும் அடித்துவிட்டார். ஒரு ஏணியில் இரண்டு ஒற்றை கிடைத்ததென்று எனக்கும் சந்தோஷம். தேவகி வந்து பார்த்தாள். அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்த அரைப் படிகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் சொன்னாள். "இது ஒத்தை இல்லக்கா. இது பாதி."

பைப்பில் சுற்றிய கம்பி

அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவள் மாடலைத்தான் சொன்னாள், என்னை இல்லை. ஆனாலும் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சரி, ஒழுங்காகச் செய்து காட்டுகிறேன் பார் என்று ரோஷம் வந்துவிட்டது.

பிளாஸ்டிக் பைப்பின் மேல் அலுமினியக் கம்பியைச் சுற்றி, பைப்பை உருவி எடுத்து, உள்பக்கமாக வட்டத் தட்டுகள் ஒட்டினோம். பார்க்கப் பிரமாதமாக இருந்தது. தேவகி தட்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டாள். கம்பி அப்படியே சுருளாக நின்றது. "தட்டு இல்லாமலே நிக்குது பாருங்க. அப்ப தட்டுக்கு இன்னா வேலை?" என்றாள். அப்புறம்தான் எங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லிக் கொடுத்தாள். அந்த இழை வெறும் துவண்ட நூல். அதற்கு நிற்கத் தெரியாது. நூலில் கோத்திருக்கிற எழுத்துகள், அதாவது அந்த அடினின் மூலக்கூறுகள்தான் தட்டைத் தட்டையாக இருக்கும். சுற்றி எங்கும் தண்ணீர், தட்டுகளுக்குத் தண்ணீர் பிடிக்காது. மழைக்குத் தேரடி பஸ் ஸ்டாப்பில் ஒண்டுகிறவர்கள் மாதிரி ஒன்றோடு ஒன்று நெருக்கி ஒட்டிக்கொள்ளும். தட்டுகள் அப்படி அடுக்கி நிற்பதால் நூல் சுருள்கிறது. சூடு ஏறினால் அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியும், ஆறினால் திரும்பவும் அடுக்கிக்கொள்ளும். ஏணி அப்படி இல்லை, தாங்குகிற மட்டும் தாங்கிவிட்டு, ஒரு சூட்டில் சடசடவென்று பிரிந்துவிடுமாம்.

அவள் போன பிறகு பாஷா பாய் கம்பியை எடுத்து இழுத்து விட்டுப் பார்த்தார். "அப்ப கம்பிய நாம வளைக்கக் கூடாது, அதுவா வளையணும்" என்றார். பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு தொடர்ந்தார். "இது ஆவற கதையா தங்கச்சி?"

மதியக் காற்று

இரண்டு மணிக்குக் கடல் காற்று ஏறும். உரக் கம்பெனி வாடை அப்போது அடங்கிவிடும், ரோட்டில் கன்டெய்னர் லாரிகள்கூட அசதியில் நின்றுவிட்ட மாதிரி இருக்கும். தொங்குகிற ஏணிகள் சுற்ற ஆரம்பிக்கும். அந்த நாட்களில் நான் ஒற்றைச் சுருளைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை. கண் திறந்தபடியே ஒரு படிக்கட்டில் ஏறிப் போவேன். கைப்பிடி இருக்காது, சுவரும் இருக்காது. ஒரு படி அதற்கு முந்தின படியின் மேல் சாய்ந்திருக்கும், அவ்வளவுதான். கீழே கடல் பச்சையாகத் தெரியும். பயமே இல்லை. வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் எந்தப் படியும் ஏறினதில்லை.

ஏறி ஏறி எங்கே போனேன் என்று தெரிவதற்குள் ஒவ்வொரு தடவையும் பலகை அறுக்கிற சத்தம் கேட்கும். கையில் இருக்கிற நோட்டில் மண்புழு பாதியில் நிற்கும். பாஷா பாய் ரம்பத்தை நிறுத்தாமலே கேட்பார். "இன்னா தங்கச்சி, இன்னிக்கு எத்தினி மாடி ஏறின?"

மிதவை

நேர்காணலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோது, எங்களால் முடியாது என்று சொல்லிவிடலாமென்று நானே முகத்துவாரக்குப்பம் போனேன். இல்லாததைச் செய்கிறேன் என்று இழுத்தடித்து ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுக்கக் கூடாது பாருங்கள். கழிமுகத்தில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அனல் மின் நிலையப் புகைபோக்கிகள் அதற்குள் தலைகீழாக நின்றன. எல்லப்பன் படகோரம் உட்கார்ந்து வலையை அடுக்கிக்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கம் பழைய ரப்பர் செருப்பைத் துண்டு துண்டாக அறுத்து, ஓரத்தில் ஓட்டை போட்டு, மிதவையாக வலைக்கயிற்றில் கட்டுவார்கள். எல்லப்பன் அந்தத் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். ஆனால் நேராக அடுக்கவில்லை. ஒவ்வொன்றையும் ஒரு பக்கமாகக் கொஞ்சம் திருப்பித் திருப்பி வைத்தார். அடுக்கு உயர உயர, ஓரத்துக் கயிறு தானாகச் சுற்றிக்கொண்டு மேலே ஏறியது. நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஏன் திருப்புகிறீர்கள் என்று கேட்டேன். "ரெண்டு மெதவைக்கு நடுவுல கயிறு நீட்டு, மெதவ ஒல்லி. நேரா வெச்சா மிச்சக் கயிறு பிதுங்கிகினு தொங்கும், வலை வுடும்போது மாட்டிக்கும். திருப்பி வெச்சா அது சாஞ்சு படுத்துக்கும்" என்றார், வேலையை நிறுத்தாமல்.

நான் போட்ட கூப்பாட்டில் தேவகி ஓடி வந்தாள். குனிந்து எண்ணினாள். ஒரு சுற்றுக்கு எட்டு, சில இடத்தில் ஒன்பது. புத்தகத்திலும் ஒன்பதுதானாம். நூல் நீளம், தட்டு ஒல்லி, அதனால்தான் அதுவும் சாய்ந்து சாய்ந்து சுருள்கிறது. பிறந்ததிலிருந்து தினமும் பார்க்கிற அடுக்கை இப்போதுதான் பார்க்கிற மாதிரி மணலில் உட்கார்ந்துவிட்டாள். நைனா, நைனா என்று அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எல்லப்பன் அவளைப் பார்த்தார், மிதவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுக்கா அஞ்சு வருசம் காலேஜுக்குப் போன?"

ஒரு தட்டு மட்டும்

அடுத்த நாளே வேலை ஆரம்பமாகிவிட்டது. முப்பத்தாறு செருப்புத் தட்டு, நான்கு சுற்று. தட்டுகள் தாமாக ஒட்டிக்கொள்ள ஒவ்வொன்றின் நடுவிலும் காந்தம். பென்சில் பாக்ஸ் மூடியில் இருக்குமே, அந்தச் சின்ன வட்டக் காந்தம், யானைக்கவுனியில் மொத்தமாகக் கிடைத்தது. ஓரத்தில் துவண்ட நைலான் நூல். வலப்பக்கமாக மட்டும் திரும்ப வேண்டுமென்று தேவகி சொன்னதால் ஓட்டைகளைச் சாய்வாகப் போட்டோம். கட்டி முடித்துத் தூக்கியதும் அது தானாகச் சுருண்டு நின்றது. உலுக்கினால் அங்கங்கே வாய் பிளந்தது, கையை நிறுத்தினால் டக் டக்கென்று திரும்பப் போய் ஒட்டிக்கொண்டது. பாஷா பாய் டீயை மறந்துவிட்டு அதை ஆட்டி ஆட்டிப் பார்த்தார்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் தட்டு ஒட்டாமல் விலகிக்கொண்டு நின்றது, சுருள் அங்கே லேசாக மடங்கியது. ஒரு காந்தத்தை பாய் தலைகீழாகப் பதித்துவிட்டார். மனுஷன் கூனிக் குறுகிப்போய் உளியை எடுத்தார். தேவகி அவர் கையைப் பிடித்துத் தடுத்தாள். "வுடுங்க பாய், அத மாத்தாதீங்க. யுராசில்னு ஒண்ணு கீது, அதுவும் இப்டித்தான், யார் மேலயும் ஒயுங்கா சாயாது."

இரும்பு மேஜை

நேர்காணல் கிண்டிப் பக்கம். பெட்டியைப் பிடித்துக்கொள்ள நானும் போனேன். ரயிலில் அட்டைப்பெட்டி சீட்டின் காலோடு போய் ஒட்டிக்கொண்டது, இழுத்துப் பிரித்து இரண்டு பேரும் சிரித்தோம். அப்போதாவது எங்கள் மண்டையில் உறைத்திருக்க வேண்டும். என் கடையில் மேஜை மரம், ஸ்டூல் மரம், எல்லாம் மரம். வெளியே உலகம் இரும்பால் ஆனது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை.

நான் வராந்தாவில் நின்றேன், கதவு திறந்தே இருந்தது. உள்ளே மூன்று பேர். நடுவில் வெள்ளி ஃபிரேம் கண்ணாடி போட்ட அம்மா. தேவகி இங்கிலீஷில் நன்றாகத்தான் ஆரம்பித்தாள். பெட்டியிலிருந்து சுருளை எடுத்தாள், மேஜைமேல் நிறுத்தினாள். பழைய ஆபீஸ் மேஜை, முழு இரும்பு. சடசடவென்று முப்பத்தாறு தட்டும் ஒன்றை ஒன்று விட்டுவிட்டு மேஜையில் போய் அப்பிக்கொண்டன. நூல் கோணல் மாணலாகப் பரவிக் கிடந்தது. ஓரத்தில் இருந்தவர் வாயைப் பொத்திக்கொண்டார். மணலி ஆபீஸும் ஜூன் முதல் தேதியும் கண் முன்னால் வந்து நின்றன. பாவி, மூன்றாவது தடவையையும் நான்தான் கெடுத்தேன் என்று சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

நடுவில் இருந்த அம்மா, "இதுக்கு ஜோடி இழை எங்கேம்மா?" என்றார். தேவகி மேஜையில் ஒட்டிய ஒரு தட்டை விரலால் தொட்டாள். அப்புறம் அவள் பேசியது எங்கள் ஊர்ப் பேச்சு. "ஜோடி கெடையாதுங்க. தனியா கீறதால, வேற எது கிட்ட வந்தாலும் இப்டித்தான் போய் ஒட்டிக்கும். செல்லுக்குள்ளயும் புரதம் வந்து புடிச்சிகினா சுருள் அவுந்துரும். புடி வுட்டா இன்னா ஆவும்னு பாருங்க." ஒரு முனையைப் பிடித்து மேஜையிலிருந்து உரித்தாள். டப், டப்பென்று ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. கையைத் தூக்கினாள். காற்றில் ஒரு தரம் ஆடியது, பிறகு தட்டு தட்டைத் தேடி ஒட்டிக்கொண்டு, கீழிருந்து மேலாகச் சுருண்டு நின்றது. ஒரு தட்டு மட்டும் விலகி நிற்கிறதே என்று கேட்டார்கள், அதற்கும் அவளிடம் பதில் இருந்தது.

கேள்விகள் முடிந்து தேவகி பெட்டியைத் திறந்தாள். அதற்குள் அந்த அம்மா சுருளைக் கையில் வாங்கி, உலுக்கி, நிறுத்தி, மறுபடி உலுக்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் தரம் அது சுருண்டு நின்றபோது நிமிர்ந்து கேட்டார். "இதை இங்கேயே வெச்சுட்டுப் போறியாம்மா?"

கடிதம்

மூன்று வாரம் கழித்து எல்லப்பன் கடைக்கு வந்தார், கையில் கடிதம், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இங்கிலீஷில் இருந்ததை நான் படித்தேன். சீட்டு கிடைத்துவிட்டது. நான் அழுதேன், வெட்கம் என்ன இதில். பாஷா பாய் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு பலகையை அளந்தார், அளந்த பலகையையே திரும்ப அளந்தார். எல்லப்பனுக்கு விஷயம் முன்னமே தெரிந்திருக்கிறது, எங்களைப் படிக்க வைத்துப் பார்க்கத்தான் கொண்டு வந்திருக்கிறார்.

மணலி வேலை என்ன ஆயிற்று என்று கேட்டேன். கடிதத்தை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "காலைலயே போய் சொல்ட்டு வந்துட்டேன்மா, அவ வரமாட்டா, செருப்பு அடுக்கப் போறான்னு."

மறுபடியும்

சுருள் கிண்டியிலேயே தங்கிவிட்டது. கடையில் மிச்சம் நின்றது ரம்பத்தில் அறுத்த இரண்டு பாதியில் ஒன்று. பாஷா பாய் அதைப் பிரித்துச் சட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றார், நான் விடவில்லை. உத்திரத்தில் ஏணிகளுக்கு நடுவே மாட்டினேன். இரண்டு மணிக் காற்றில் மற்றவை சுற்றும்போது அதுவும் சுற்றும், கொஞ்சம் கோணலாக. நான் அதைப் பார்த்துக்கொண்டே என் கைப்பிடி இல்லாத படிக்கட்டில் ஏறிக்கொண்டிருப்பேன்.

அப்படி ஒரு மதியம் வாசலில் நிழல் விழுந்தது. புதுப் பள்ளிக்கூடத்துத் தாளாளர், ஏணி வாங்க வந்தவர். உத்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "சார் இல்லீங்களா?"

இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் வரைந்து கொடுத்ததில், என்ன ஏது என்று எனக்கே புரிந்து நான் செய்த பாடம் அந்த ஒற்றைச் சுருள் ஒன்றுதான், அதற்கும் வழக்கம்போல மார்க் வேறொருத்திக்குத்தான் போனது.